கிழக்கு சியராவில் கட்டணமின்றிக் கூடாரமிட்டுத் தங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் 395ஆம் நெடுஞ்சாலையில் லோன் பைன் ஊரிலிருந்து வடக்கு நோக்கிப் போகும்போது இடப்புறம் சியரா நெவாடா மலைத்தொடர் சுவர்போல எழுந்து நிற்கும். வலப்புறம் முதலில் இன்யோ மலைகளும், பிறகு வறண்டு, வெளிறி, அதே உயரத்துக்குப் போட்டியிடும் ஒயிட் மவுண்டன்ஸ் தொடரும் வரும். நடுவில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. கோடை விடுமுறையில் இங்கே குடும்பத்தோடு வர விரும்புகிறவர்கள், முன்பதிவுத் தளத்தைத் திறந்து பார்த்து, எல்லா முகாம்களும் நிரம்பிவிட்டன என்று கண்டு திட்டத்தையே கைவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பல முகாம்களில் ஆறு மாதங்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது என்பதால் அது வியப்பில்லை. ஆனால் அந்த முகாம்களைச் சுற்றிலும், கட்டணம் எதுவும் இல்லாமல், முன்பதிவும் இல்லாமல், சட்டப்படி கூடாரமிட்டுத் தங்கக்கூடிய பொது நிலம் லட்சக்கணக்கான ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குத் தேவை அதிர்ஷ்டமல்ல; வரைபடம் படிக்கும் பழக்கமும், 'இது யாருடைய நிலம்?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும் ஒழுங்கும்தான்.

இவ்வகைத் தங்கலை அமெரிக்காவில் 'டிஸ்பர்ஸ்டு கேம்பிங்' என்கிறார்கள். அமைக்கப்பட்ட முகாமுக்கு வெளியே, காட்டு நிலத்தில் தங்குவது என்று பொருள். மேசை இருக்காது, குழாய் இருக்காது, கழிப்பறை இருக்காது, குப்பைத்தொட்டி இருக்காது. பெரும்பாலான இடங்களில் தொடர்ந்து 14 நாட்கள் வரை தங்கலாம்.

முதல் படி: நிலம் யாருடையது என்று அறிதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறவர்கள்தான் நள்ளிரவில் எழுப்பப்படுகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மலைச்சரிவுகளின் பெரும்பகுதி இன்யோ தேசிய வனத்தைச் சேர்ந்தது. இதை நிர்வகிப்பது 1905இல் நிறுவப்பட்ட அமெரிக்க வனத்துறை; இது வேளாண்மைத் துறையின் கீழ் இயங்குகிறது. மலையடிவாரத்திலும் பள்ளத்தாக்கின் ஓரங்களிலும் உள்ள புதர்க்காடுகள் பெரும்பாலும் நில மேலாண்மைப் பணியகத்தைச் சேர்ந்தவை. 1946இல் தொடங்கப்பட்ட இந்தப் பணியகத்தை எல்லோரும் பி.எல்.எம். என்றே சொல்கிறார்கள். நீங்கள் தேட வேண்டியது இந்த இரண்டு அமைப்புகளின் நிலத்தை மட்டுமே. நில உடைமையைக் காட்டும் வரைபடங்களில் வனத்துறை நிலம் பச்சையாகவும், பி.எல்.எம். நிலம் மஞ்சளாகவும், தனியார் நிலம் வெள்ளையாகவும் இருப்பது வழக்கம்.

தேசியப் பூங்கா என்பது வேறு. யோசெமிட்டி பூங்காவுக்குள் முகாமுக்கு வெளியே காரில் உறங்குவதுகூட விதிமீறல். பூங்காவையும் தேசிய வனத்தையும் ஒன்றென எண்ணுவது நம்மவர்களிடம் மிகப் பரவலான குழப்பம். இரண்டும் அடுத்தடுத்து இருந்தாலும் விதிகள் முற்றிலும் வேறானவை.

பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலியில்லாத, ஆளில்லாத புல்வெளிகளைக் காணலாம். பார்த்தால் பொது நிலம் போலவே தோன்றும். அவற்றில் பெரும்பகுதி சுமார் 200 மைலுக்கு அப்பாலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சொந்தம். ஓவன்ஸ் ஆற்று நீரைத் தன் குடிமக்களுக்குக் கொண்டுபோக அந்த நகரம் இங்கே நிலங்களை வாங்கியது. 1913இல் கால்வாயும் திறக்கப்பட்டது. மீன் பிடிக்கவும் நடக்கவும் அனுமதிக்கப்படும் அந்த நிலத்தில் இரவு தங்க அனுமதியில்லை. அதேபோல பிஷப், பிக் பைன், லோன் பைன் ஊர்களை ஒட்டிப் பையூட் பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலங்கள் உள்ளன. அவை அவர்களுடைய வீடுகள் இருக்கும் இடம். அங்கே கூடாரமிட நமக்கு உரிமையில்லை. பொதுவாக, பள்ளத்தாக்கின் அடியில் தேடாமல் சரிவில் ஏறத் தொடங்கிய பிறகே தேடுவது நல்லது.

இரண்டாம் படி: சரியான வரைபடத்தைப் படித்தல்

இலவச முகாமிடங்களைப் பட்டியலிடும் செயலிகள் பல உள்ளன. அவற்றைக் குறிப்புக்காக வைத்துக்கொள்ளலாம், முடிவெடுக்க வேண்டாம். மூன்றாண்டுகளுக்கு முன் ஒருவர் மகிழ்ச்சியாகத் தங்கிவிட்டுக் குறித்துவைத்த இடம் இன்று மூடப்பட்டிருக்கலாம். சட்டப்படி செல்லுபடியாகும் ஆவணம் வனத்துறை வெளியிடும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம்தான். ரேஞ்சர் நிலையங்களில், அதாவது வனக்காவலர் அலுவலகங்களில், இலவசமாகத் தருகிறார்கள். 'அவென்சா' செயலியில் இறக்கிக்கொண்டால் கைபேசி அலைவரிசை இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடத்தை அதன்மேல் காட்டும்.

முதன்முறை பார்ப்பவருக்கு அது கறுப்பு வெள்ளைக் கோடுகளின் சிக்கலாகத் தெரியும். ஒரு சாலையைக் கையால் தொட்டுப் படிக்கப் பழகுங்கள். கோட்டின் தடிமனும் வகையும் எந்த வாகனம் போகலாம் என்பதைச் சொல்லும்; விளக்கம் ஓரத்தில் இருக்கும். சில வனங்களின் வரைபடங்களில் சாலையின் ஓரமாகச் சிறு புள்ளிகள் வரிசையாக ஓடும்: அந்தப் பகுதியில், குறிப்பிட்ட தூரம் வரை சாலையை விட்டு விலகி வண்டியை நிறுத்தித் தங்கலாம் என்பது அதன் பொருள். புள்ளிகள் இல்லாத இடத்தில் சாலையை ஒட்டியே வண்டியை நிறுத்த வேண்டும். வரைபடத்தில் ஒரு சாலையே காட்டப்படவில்லை என்றால், கண்ணெதிரே சக்கரத் தடம் தெளிவாகத் தெரிந்தாலும், அதில் வண்டி ஓட்டக்கூடாது.

சாலையோரப் பலகைகளிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. வனச்சாலையின் எண் பலகையில் கிடைமட்டமாக எழுதப்பட்டிருந்தால் சாதாரணக் கார் போகக்கூடிய சாலை. மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருந்தால் அடிப்பகுதி உயரமான வண்டிக்கு உரிய சாலை. குடும்பக் காரில் வருகிறவர்கள் கிடைமட்ட எண்களோடு நின்றுகொள்வது நல்லது. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். தார் இல்லாத சாலையில் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலானவற்றில் உண்டு.

இந்த வரைபடத்தில் மேடுபள்ளம் தெரியாது. எனவே உயரக்கோடுகள் உள்ள வரைபடம் ஒன்றையும், செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தில், சாலையிலிருந்து பிரியும் குறுந்தடத்தின் முடிவில் வெளிறிய வட்டமாகத் தெரியும் இடம் ஏற்கெனவே பலர் தங்கிய இடம். அதைத்தான் நாம் நாட வேண்டும். புல்லும் புதரும் உள்ள புதிய இடத்தில் கூடாரமடித்தால், இந்த வறண்ட மண்ணில் அந்தத் தழும்பு ஆறப் பல ஆண்டுகள் ஆகும்.

மூன்றாம் படி: ரேஞ்சர் நிலையத்தில் கேட்டல்

லோன் பைனுக்குத் தெற்கே 395ஆம் சாலையும் 136ஆம் சாலையும் சேருமிடத்தில் ஒரு பார்வையாளர் மையம் உள்ளது. பிஷப்பில் ஒயிட் மவுண்டன் ரேஞ்சர் நிலையம், மம்மத் லேக்ஸில் வரவேற்பு மையம், லீ வைனிங்கில் மோனோ ஏரிக்கரை மையம் ஆகியவையும் உள்ளன. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இவற்றில் ஒன்றைக் கடந்துதான் போவீர்கள். நேரில் போக முடியாவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள்.

'இலவசமாகத் தங்க இடம் எங்கே?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'எங்களிடம் ஒரு சாதாரண செடான் கார் இருக்கிறது, இரண்டு குழந்தைகள், ஒரு கூடாரம், இந்த எண்ணுள்ள சாலையில் போக நினைக்கிறோம், இப்போது அது எப்படி இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். வரைபடத்தை மேசைமேல் விரித்து, எந்த வளைவுக்குப் பிறகு மணல் தளர்ந்திருக்கிறது என்பதுவரை சொல்வார்கள். தீத் தடை, சாலை மூடல், கரடி நடமாட்டம் ஆகிய மூன்றையும் கட்டாயம் கேட்க வேண்டும். 2020 செப்டம்பரிலும் 2021 ஆகஸ்ட் இறுதியிலும் காட்டுத்தீ அபாயத்தால் கலிஃபோர்னியாவின் தேசிய வனங்கள் மொத்தமாக மூடப்பட்டன. திட்டமிட்டு வந்தவர்கள் வாசலிலேயே திரும்ப நேர்ந்தது.

நான்காம் படி: உயரத்தையும் பருவத்தையும் பொருத்துதல்

ஒவ்வோர் ஆயிரம் அடி ஏறும்போதும் வெப்பம் ஏறக்குறைய 3.5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். பிஷப் ஊர் சுமார் 4,150 அடியில் இருக்கிறது. மம்மத் லேக்ஸ் 7,800 அடிக்கு மேல். ஜூலையில் பிஷப்பில் வெயில் வாட்டும்போது, மேலே 8,500 அடியில் இரவுக்குக் கம்பளி தேவைப்படும். ஆகவே கோடையில் 8,000 அடிக்கு மேலும், இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் மலையடிவாரத்திலும் தேடுங்கள். குளிர்காலத்தில் மேலே உள்ள சாலைகள் பனியில் மூடிவிடும். யோசெமிட்டி வழியாக வருகிறவர்கள் கடக்கும் டையோகா கணவாய் 9,943 அடி உயரத்தில் உள்ளது. வழக்கமாக நவம்பரில் மூடி, மே இறுதியிலோ ஜூனிலோதான் திறப்பார்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் கூடுதலாக ஒன்று. கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் 8,000 அடிக்கு ஏறி அங்கேயே உறங்கினால் தலைவலியும் குமட்டலும் வருவது இயல்பு. முதல் இரவை பிஷப் உயரத்தில் கழித்துவிட்டு மறுநாள் மேலே செல்லுங்கள். ஏறிய பிறகு தலைவலி முற்றினால், மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் இரவோடு இரவாகக் கீழே இறங்கிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: தொடங்க ஏற்ற சில இடங்கள்

முதன்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது கிராண்ட்வியூ முகாம். பிக் பைனிலிருந்து 168ஆம் சாலையில் கிழக்கே ஏறி, ஒயிட் மவுண்டன் சாலையில் திரும்பினால் 8,600 அடியில் வரும். முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதலிடம், கட்டணத்துக்குப் பதிலாக விரும்பினால் நன்கொடை. கழிப்பறை உண்டு, தண்ணீர் இல்லை. பின்யன் பைன் மரங்களுக்கு நடுவே, ஊர் வெளிச்சம் எட்டாத இந்த இடத்துக்கு அமாவாசை நாட்களில் தொலைநோக்கியோடு வருகிறவர்கள் அதிகம். இன்னும் மேலே, 10,000 அடியில் உள்ள ஷுல்மன் தோப்பில் 4,000 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துகொண்டிருக்கும் பிரிஸில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. அந்தப் பாதுகாக்கப்பட்ட மரக்காட்டுக்குள் தங்கக்கூடாது. தங்குவது கிராண்ட்வியூவில், காலையில் போய்ப் பார்ப்பது அங்கே. பிக் பைனை விட்டால் பெட்ரோல் கிடையாது, நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

மம்மத் லேக்ஸுக்கும் ஜூன் லேக்குக்கும் இடையே, 395ஆம் சாலைக்கு மேற்கே, ஒப்சிடியன் டோம் என்ற எரிமலைக் கண்ணாடி மேட்டை ஒட்டி ஜெஃப்ரி பைன் காடு உள்ளது. அங்குள்ள ஹார்ட்லி ஸ்பிரிங்ஸ் தண்ணீர் வசதியில்லாத எளிய வன முகாம். சுற்றியுள்ள வனச்சாலைகளின் ஓரத்திலும் பழைய முகாமிடங்கள் உண்டு. இங்கே மண் என்பது எரிமலை கக்கிய நுரைக்கல் துகள். காலால் மிதித்தாலே புதையும் அளவுக்குத் தளர்ந்த இடங்கள் உள்ளன. நான்கு சக்கர இயக்கம் இல்லாத கார் ஓரம் கட்டும்போதே சிக்கிக்கொள்ளும். இறங்கி நடந்து பார்த்துவிட்டு வண்டியை ஓட்டுங்கள்.

லோன் பைனை அடுத்த அலபாமா ஹில்ஸ் பற்றி எல்லோரும் கேட்பார்கள். உருண்ட பாறைகளுக்குப் பின்னால் விட்னி சிகரம் தெரியும் அந்த இடம் 2019இல் தேசிய இயற்கை எழில் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கூட்டம் பெருகிப் புதர்கள் அழிந்ததால், இப்போது குறியிட்ட இடங்களில் மட்டும், இணையத்தில் பெறும் இலவச அனுமதிச் சீட்டோடு தங்க வேண்டும். பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டு விருப்பப்பட்ட பாறையடியில் கூடாரமடிக்க வேண்டாம்.

ஆறாம் படி: வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்தல்

இதை நான் பட்டு அறிந்தேன். முதல் பயணத்தில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலிருந்து வெள்ளி மாலை புறப்பட்டு, நள்ளிரவு தாண்டி ஒரு மண்சாலையில் இறங்கி, முகப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ட சமதளமான வெண்மணலில் கூடாரத்தை நாட்டினோம். மணல் மெத்தைபோல இருந்தது. குழந்தைகள் உடனே உறங்கிவிட்டார்கள். விடிந்ததும் வெளியே வந்து பார்த்தால், இருபுறமும் இடுப்பளவு கரை. கரையில் ஒரு மரக்கட்டை, என் தோள் உயரத்தில், புதரில் செருகி நின்றது. வெள்ளம் கொண்டுவந்து செருகிய கட்டை. நாங்கள் இரவு முழுவதும் ஒரு காட்டாற்றின் நடுவில் படுத்திருந்திருக்கிறோம். அன்று மழையில்லை. ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் மலைமேல் இடிமழை பெய்தால், கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே அந்த மணல்தடத்தில் நீர் பாய்ந்து வரும். அன்றிலிருந்து சூரியன் மறைய இரண்டு மணி நேரத்துக்கு முன்பே சேர்ந்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். நேரமாகிவிட்டால் ஊரில் கட்டணம் கொடுத்துத் தங்கிவிட்டு விடியற்காலையில் தேடலாம். அந்தச் செலவு வீணல்ல.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மேலே பார்த்துக் காய்ந்த கிளைகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஓடையிலிருந்து குறைந்தது 200 அடி, அதாவது பெரியவர் நடையில் சுமார் 70 அடிவைப்பு தள்ளி இருங்கள். மாலையில் சியராவிலிருந்து இறங்கும் காற்று கடுமையாக இருக்கும். கூடாரத்தின் முளைகளை அடித்து, கயிறுகளைக் கட்டிவிட்டுத்தான் சமையலைத் தொடங்க வேண்டும்.

ஏழாம் படி: தீயும் சமையலும்

முகாமுக்கு வெளியே விறகுத் தீ மூட்ட மட்டுமல்ல, எரிவாயு அடுப்பு பற்றவைக்கவும் கலிஃபோர்னியாவில் அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் ஒரு சிறு காணொளியைப் பார்த்து, கேள்விகளுக்கு விடை சொன்னால் இலவசமாகக் கிடைக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை செல்லும். தீத் தடை நடப்பில் இருக்கும் மாதங்களில், அதாவது கோடையின் பெரும்பகுதியில், சீட்டு இருந்தாலும் விறகும் கரியும் எரிக்கக்கூடாது. திருகி மூடக்கூடிய எரிவாயு அடுப்பு மட்டும்தான். தடையில்லாத நாளிலும் ஏற்கெனவே உள்ள கல்வட்டத்திலேயே மூட்டுங்கள். மண்வெட்டியும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

நம் வீடுகளில் பரவலாக இருக்கும், பக்கவாட்டில் உருளை செருகும் பியூட்டேன் மேசையடுப்பைப் பற்றி எச்சரிக்க வேண்டும். குளிர் தண்ணீரின் உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலே பியூட்டேன் வாயுவாக மாறாது. செப்டம்பர் அதிகாலையில் கிராண்ட்வியூவில் அந்த அடுப்பு சிணுங்கிவிட்டு அணைந்துவிடும். குழந்தைக்குப் பால் காய்ச்ச முடியாது. புரொப்பேன் அடுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. பிரஷர் குக்கரை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். 8,600 அடியில் தண்ணீர் சுமார் 91 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் மசியாது. குக்கரில் வீட்டில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டால் பருப்பும் சோறும் பக்குவமாக வரும்.

எட்டாம் படி: தண்ணீர், கழிவு, கரடி

குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். அரிசி களைந்து, பாத்திரம் கழுவிச் சமைக்கும் நமக்கு அது போதாது. 6 லிட்டராக வைத்துக்கொள்ளுங்கள், ஊரிலேயே நிரப்புங்கள். ஓடை நீரைப் பயன்படுத்த நேர்ந்தால் வடிகட்டி, அல்லது கொதிக்கவைத்துக் குடியுங்கள். 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும்.

கழிப்பறை இல்லாத இடத்தில், நீரிலிருந்து 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குலம் ஆழக் குழி தோண்டி மூட வேண்டும். தாளைப் புதைக்காமல் பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள். விலங்குகள் தோண்டி வெளியே இழுத்துப்போடுகின்றன. இலவச இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுவதற்கு இதுவும் பெரிய காரணம் என்பதால் கூச்சமின்றிச் சொல்கிறேன். குழந்தைகளுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

மம்மத் பகுதியில் கருங்கரடிகள் நடமாடுகின்றன. உணவு மட்டுமல்ல, பற்பசை, தேங்காய் எண்ணெய், குழந்தைகளின் லோஷன் என மணமுள்ள எல்லாமே அவற்றுக்கு உணவுதான். இரவில் இவற்றைக் கூடாரத்துக்குள்ளோ காரிலோ வைக்காதீர்கள். கார்க் கதவைப் பிய்த்துத் திறக்கும் வலு கரடிக்கு உண்டு. கெட்டியான கரடித் தடுப்புப் பெட்டி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, கூடாரத்திலிருந்து தள்ளி வையுங்கள். கருவாடு, வறுத்த மீன் போன்றவற்றை இந்தப் பயணத்தில் தவிர்த்துவிடலாம்.

ஒன்பதாம் படி: புறப்படும் காலை

தீ மூட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் இன்னும் அணையவில்லை. கூடாரத்தைச் சுருட்டிய பிறகு, எல்லோரும் ஒரு கை இடைவெளியில் வரிசையாக நின்று இடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடங்கள். வெங்காயச் சருகு, பால்பாக்கெட்டின் வெட்டிய மூலை, முறுக்குத் துண்டு, கூடார முளை ஒன்று என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது கிடைக்கும். முளைகளை எண்ணிப் பையில் போடுங்கள். குப்பைப் பையை இறுகக் கட்டி வண்டியில் ஏற்றி, ஊரில் உரிய தொட்டியில் போடுங்கள். பெட்ரோல் நிலையத்தின் சிறு தொட்டியில் திணிக்க வேண்டாம். போகிற வழியில் ரேஞ்சர் நிலையம் திறந்திருந்தால், நீங்கள் தங்கிய சாலை எப்படி இருந்தது, எந்த வளைவில் மணல் தளர்ந்திருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்து அதே மேசையில் வந்து நின்று கேட்கும் குடும்பத்துக்கு அவர்கள் அதைத்தான் சொல்வார்கள்.